அலைகளிடையே ஒரு தோணி

நள்ளிரவு, கடலெங்கும் காரிருள். பெருங்கப்பல் ஒன்று விரைந்து வருகின்றது. அதன் வழியில் சிறு தோணி ஒன்று அலைமேல் மிதக்கின்றது. இருளில் மறைந்த அத்தோணியை முன்னரே உணர்த்தி உயிர்காக்க வல்ல கருவி ரேடார் ஆகும்.

1935ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 26ஆம் நாள், இங்கிலாந்தில் டாவென்ட்ரி என்னும் ஊரின் அருகே வாட்சன் வாட், வில்கின்ஸ் ஆகிய அறிஞர்கள் ஓர் ஆய்வு நிகழ்த்தினர். வானொலி நிலையத்தின் அலைகள் விமானத்தின்மீது பட்டுத் திரும்புவதைக் கருவியின் வாயிலாகக் கண்டனர். ரேடார் வளர்ச்சிக்கு அது வழிவகுத்தது.

மலைமுன் நின்று கூவினால் எதிரொலி கேட்கும். அதுபோலவே ரேடார் விடுக்கும் வானொலி அலையும் பொருளிற் பட்டு எதிரலையாக மீளும். அவ்வலை நொடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் செல்வது. நொடியைப் பத்து இலட்சம் கூறாக்கினால், ஒரு கூற்றில் அது செல்லும் தொலைவு 300 மீட்டர். எதிரலை 40 கூற்றில் மீண்டால், அது போய் வந்த வழி 12 கிலோமீட்டர். எனவே பொருள் 6 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்பது தெளிவு.

ஆயினும், சிறு தோணியைக் காண்பது எளிதன்று. தொலைவு இரு மடங்கானால் எதிரலையின் வலிமை பதினாறில் ஒரு பங்காகக் குறையும். கடலின் அலைகளும் எதிரலைகளை அனுப்பும். சந்தை இரைச்சலில் குழந்தையின் குரல் அமிழ்ந்துவிடுவது போல, அவற்றிடையே தோணியின் எதிரலை மறைந்துவிடும்.

‘இவ்வளவு வலிமைக்கு மேற்பட்டதே பொருள்’ என ஒரு வரம்பு வகுத்தால் என்ன? வரம்பு தாழ்ந்தால், கடலலையெல்லாம் கலமாகத் தோன்றும். பொய் எச்சரிக்கையைப் பன்முறை கண்ட மாலுமி, மெய் எச்சரிக்கையையும் புறக்கணிப்பான். வரம்பு உயர்ந்தாலோ, தோணி புலப்படாமற்போம்.

இதற்குத் தக்கதொரு முறையை ஃபின், ஜான்சன் என்னும் அறிஞர்கள் 1968இல் விளக்கினர். ஓரிடத்தின் எதிரலையை, அதன் இரு மருங்கிலும் உள்ள இடங்களின் எதிரலைகளோடு ஒப்பிடுதலே அம்முறை. கடல் கொந்தளித்தால் வரம்பு தானே உயரும், அடங்கினால் தாழும். சூழலினும் மிக்கு நிற்பதே பொருள் எனக் கொள்ளப்படும்.

இம்முறைக்கும் ஒரு குறை உண்டு. பெரிய கலத்தை ஒட்டிச் சிறு தோணி நின்றால், பெரியதன் எதிரலை வரம்பை உயர்த்திச் சிறியதை மறைத்துவிடும். ஆதலின், ரேடார் இருப்பினும் கண்ணாலும் செவியாலும் காவல் செய்தல் வேண்டும் என்பது 1972ஆம் ஆண்டு வகுத்த உலகக் கடல்வழி விதி. கருவி மாலுமிக்குத் துணையாகுமேயன்றி, அவனது விழிப்புக்கு மாற்றாகாது.