ஆறு நமக்காகக் காத்திருக்காது!



ஹைட்ராலிக்ஸ் லேபில் வெஞ்சுரிமீட்டர் முன்னால் நின்று நாம் எல்லோருமே ரீடிங் எடுத்திருக்கிறோம். பக்கத்து பேட்ச் நோட்டைப் பார்த்து எழுதியவர்களும் உண்டு. (நானும்தான்!) அந்தப் பாடத்தின் நிஜமான பிராக்டிகல் மலையாற்றில், ரப்பர் படகில் நடக்கிறது என்பது எனக்குச் சென்ற ஆண்டு மே மாதம்தான் தெரிந்தது. பரீட்சை முடிந்த கையோடு நாங்கள் ஏழு பேர் ரிஷிகேஷுக்கு ராஃப்டிங் போனோம்.

போய் வந்ததிலிருந்து எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "எவ்வளவுடா ஆச்சு?" என்பதுதான். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் கேட்க வேண்டியவை வேறு. அவற்றைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எந்த இடம்?

தேவப்பிரயாகையில் அலக்நந்தாவும் பாகீரதியும் கலந்த பிறகுதான் ஆற்றுக்குக் கங்கை என்று பெயர். அங்கிருந்து ரிஷிகேஷ் வருகிற வழியில்தான் ராஃப்டிங் நடக்கிறது. கௌடியாலாவில் ஏறினால் சுமார் 36 கி.மீ., மரைன் டிரைவில் ஏறினால் சுமார் 25, சிவ்புரியில் ஏறினால் சுமார் 16, பிரம்மபுரியில் ஏறினால் சுமார் 9.

ஆற்றோட்டத்தின் கடினத்தை 1 முதல் 6 வரை தரம் பிரித்திருக்கிறார்கள். 1 என்றால் சின்னச் சின்ன அலை. 6 என்றால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. கௌடியாலா பக்கம் 'தி வால்' என்ற இடம் 4-க்கும் மேல். சிவ்புரிக்குக் கீழே 'ரோலர் கோஸ்டர்', 'கோல்ஃப் கோர்ஸ்' போன்றவை 3-ஐ ஒட்டியும் அதற்குச் சற்று மேலும் வரும். "போறதுதான் போறோம், கௌடியாலாவுக்கே போவோம்டா" என்று நான்தான் குதித்தேன். முதல் தடவை போகிறவர்களுக்குச் சிவ்புரி போதும் என்று மற்றவர்கள் என்னை அடக்கினார்கள். அவர்களுக்கு நன்றி!

எந்த மாதம்?

ஜூலை, ஆகஸ்டில் மழை வெள்ளம். ராஃப்டிங் கிடையாது. மலைச்சாலையில் மண்சரிவும் சேர்ந்துகொள்ளும். செப்டம்பர் பின்பாதியிலிருந்து ஜூன் வரை சீசன். டிசம்பர், ஜனவரியில் தண்ணீர் ஐஸ்தான். மே மாதத்தில் வெயில் கொளுத்தினாலும் பனி உருகி வருகிற தண்ணீர் உடம்பை விறைக்க வைக்கும். தவிர, மேலே டெஹ்ரி (உயரம் 260.5 மீட்டர்), கோட்டேஷ்வர் அணைகளில் மின் உற்பத்திக்கு எவ்வளவு தண்ணீர் விடுகிறார்கள் என்பதைப் பொறுத்து ஒரே நாளில்கூட நீர்மட்டம் மாறும். ஆகவே திட்டத்தில் ஒரு நாள் உபரியாக இருக்கட்டும். ரிட்டர்ன் டிக்கெட்டுக்கு அவசரப்பட்டு ஆற்றில் இறங்கக் கூடாது.

கொஞ்சம் கணக்கு

ஓடும் தண்ணீரின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். ஒரு ஆள் ஆற்றில் குறுக்கே நிற்கிறார், தண்ணீர் மோதும் பரப்பு 0.5 சதுர மீட்டர், இழுவைக் கெழு 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் நொடிக்கு 2 மீட்டர் என்றால் விசை 1000 நியூட்டன். அதாவது சுமார் 100 கிலோ எடை அவரைத் தள்ளுகிறது. வேகம் 4 மீட்டரானால் 200 கிலோ அல்ல, 400 கிலோ! காலைப் பாறை இடுக்கில் விட்டு எழுந்து நிற்கப் பார்த்தால் என்ன ஆகும் என்று இப்போது புரியும்.

இன்னொன்று. வெள்ளை நுரையில் காற்று கலந்திருப்பதால் அதன் அடர்த்தி குறைவு. மிதக்கும் சக்தியும் குறைவு. நன்றாக நீந்துகிறவனையும் அது தாங்காது.

யாரை நம்பிப் போவது?

அரசு அனுமதி பெற்றவர்களிடம் மட்டுமே போக வேண்டும். உரிய விதிமுறைகள் இல்லை என்பதற்காக 2018-இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் ராஃப்டிங்கையே நிறுத்தி வைத்தது. பிறகுதான் மீண்டும் தொடங்கியது. நாங்கள் முதலில் போன இடத்தில் விலை குறைவு. ஆனால் ஒரு லைஃப் ஜாக்கெட்டில் பக்கிள் உடைந்திருந்தது, கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். "ஒண்ணும் ஆகாது" என்றார்கள். கொடுத்த அட்வான்ஸ் போனால் போகிறது என்று வெளியே வந்தோம். அடுத்த இடத்தில் ஹெல்மெட், சரியான ஜாக்கெட், வீசும் கயிறு, துணைக்கு ஒரு கயாக் எல்லாம் இருந்தன. வழிகாட்டி அரை மணி நேரம் கரையில் பாடம் நடத்தினார். பாடம் நடத்தாத வழிகாட்டியோடு ஏறாதீர்கள்.

விழுந்தால்?

ஊர்க் கிணற்றில் குதித்து நீச்சல் கற்றவன் நான். அந்தத் திமிரில் பாடத்தைப் பாதிதான் கேட்டேன். ரோலர் கோஸ்டரில் இரண்டாவது அலையில் படகு தூக்கிப் போட்டது. அடுத்த நொடி நான் தண்ணீருக்குள். குளிரில் மூச்சு இழுத்துக்கொண்டது. கத்தக்கூட முடியவில்லை. கால் எதிலோ தட்டியது. நிற்கலாம் என்று தோன்றிய அதே கணத்தில் காதில் விழுந்திருந்த பாதிப் பாடம் ஞாபகம் வந்தது: "நிக்காதே! மல்லாந்து படு, பாதம் கீழ்த்திசையைப் பார்க்கட்டும்." அப்படியே படுத்தேன். கயிறு வந்து நெஞ்சில் விழுந்தது. மொத்தம் ஒரு நிமிடம்கூட இருக்காது. எனக்கு அது ஒரு செமஸ்டர்!

கடைசியாக ஒன்று

எங்களில் ஒருவன் ரிஷிகேஷ் வந்த பிறகு, "எனக்குப் பயமா இருக்குடா, நான் வரலை" என்றான். நாங்கள் அவனைக் கிண்டல் செய்தோம். அதிகம் செய்தது நான். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. எங்கள் பெயர், வீட்டு நம்பர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, துணிமூட்டையோடு கீழ்க்கரையில் போய்க் காத்திருந்தான். நான் நடுங்கிக்கொண்டே இறங்கியபோது துண்டைப் போர்த்தி டீ வாங்கிக் கொடுத்தவன் அவன்தான். "எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

எனவே நண்பர்களே, உங்கள் திட்டத்தில் இரண்டு விஷயம் கட்டாயம் இருக்கட்டும். கரையில் ஒரு ஆள். "வரலை" என்று சொல்கிறவனுக்கு முழு மரியாதை. மீதி எல்லாம் கங்கை சொல்லித் தரும்!

– இறுதியாண்டு, சிவில்