வண்ணப் படலமும் கைப்பேசியும்

செந்நிறக் கண்ணாடித்தாள் ஒன்றைக் கண்ணெதிரே பிடித்து நோக்கினால், வெண்சுவர் செஞ்சுவராகத் தோன்றும். பச்சை இலையோ ஏறக்குறையக் கருமையாகிவிடும். தாள் எதனையும் புதிதாகப் பூசுவதில்லை. தன்வழியே வரும் ஒளியில் செந்நிறத்தை மட்டும் செல்லவிட்டு, ஏனைய நிறங்களைத் தடுத்துவிடுகிறது. இவ்வெளிய செயலைக் கைப்பேசித் திரையில் நிகழ்த்துவது எவ்வாறு? அதனைச் சிக்கனமாக நிகழ்த்துவது எவ்வாறு?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள திருநாவலூர், சுந்தரர் பிறந்த சிறப்புடையது. அவ்வூரைக் களமாகக் கொண்டு ஒரு கைப்பேசி விளையாட்டு அமைக்கப்படுவதாகக் கருதலாம். கோயிற்கோபுரமும் தெருவும் கெடிலம் ஆறும் திரையில் தோன்றுகின்றன. மாலைப் பொழுதில் காட்சி முழுவதும் பொன்னிறம் பெறவேண்டும். நீருக்கடியில் உள்ள கற்கள் நீலம் படிந்து காணப்படவேண்டும்.

கைப்பேசித் திரை எண்ணற்ற சிறு புள்ளிகளால் ஆனது. அகலத்தில் 1080, உயரத்தில் 2400 புள்ளிகள் உடைய திரையில் மொத்தம் 25,92,000 புள்ளிகள் உள்ளன. ஒரு நொடிக்கு 60 படங்கள் காட்டவேண்டுமாயின், ஒரு படத்தை வரைந்து முடிக்க ஏறக்குறைய 16.7 மில்லி நொடியே கிடைக்கும். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் கணக்கிடும் சிறு நிரலுக்கு ‘ஷேடர்’ என்பது பெயர். 2007ஆம் ஆண்டில் வெளியான ஓப்பன்ஜிஎல் இஎஸ் 2.0 என்னும் நெறிமுறை, கையடக்கக் கருவிகளிலும் இத்தகைய நிரல்களை எழுத வழிசெய்தது.

ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று அளவுகளை உடையது. கண்ணாடித்தாளின் செயலைப் பெருக்கலாகக் கூறலாம். மூன்று நிறங்களும் 200 அளவுள்ள சாம்பல்நிறப் புள்ளியை முறையே 1, 0.8, 0.5 ஆகிய எண்களால் பெருக்கினால், 200, 160, 100 என்னும் பொன்னிறம் கிட்டும். ஒளி ஊடுருவும் படங்களை ஒன்றன்மேல் ஒன்று கலக்கும் விதிகளை போர்ட்டர், டஃப் என்னும் இருவர் 1984ஆம் ஆண்டில் முறைப்படுத்தினர்.

கணக்கு எளிது, ஆயினும் செலவு மிகுதி. சுவர் ஒன்று முன்னே நின்றால், அதன் பின்னுள்ள பொருளை வரையாது விட்டுவிடலாம். ஒளி ஊடுருவும் படலமோ பின்னுள்ளதை மறைப்பதில்லை. ஆதலின் இரண்டையும் வரைதல் வேண்டும். திரை முழுவதையும் மூடும் ஐந்து படலங்களை அடுக்கினால், ஒரே படத்துக்காக 1,29,60,000 புள்ளிக் கணக்குகள் கூடுதலாகச் செய்யப்படும்.

இதனினும் பெரிய செலவு ஒன்று உண்டு. கைப்பேசியின் வரைகலைச் செயலிகளுட் பெரும்பாலானவை திரையைச் சிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் தம்முள் அமைந்த சிறு நினைவகத்தில் வைத்து வரைகின்றன. அந்நினைவகம் அடுப்பருகே உள்ள அஞ்சறைப் பெட்டியைப் போன்றது. தலைமை நினைவகமோ கொல்லைப்புறத்துக் களஞ்சியத்தைப் போன்றது. நிறம் மாற்றுவதற்காக வரைந்த காட்சியை முதலில் களஞ்சியத்துக்கு அனுப்பி, மீண்டும் அதனைப் படித்தெடுத்துப் பெருக்குவது வீண் அலைச்சல். செயலியில் இயல்பாகவே அமைந்துள்ள கலவை வசதியிடம் ‘இருக்கும் நிறத்தை இந்நிறத்தால் பெருக்குக’ என்று ஒப்படைத்தால், வேலை கட்டத்துக்குள்ளேயே முடிந்துவிடும்.

சிக்கனத்துக்குரிய வேறு வழிகளும் உள. மாலைப் பொன்னிறத்துக்குத் தனிப்படலமே தேவையில்லை. கோபுரத்தையும் தெருவையும் வரையும் ஷேடரிலேயே அந்நிறத்தைப் பெருக்கிவிடலாம். ஆற்று நீருக்குப் படலம் வேண்டும். ஆனால் அது நீர்ப்பரப்பின் வடிவத்தை ஒட்டி அமைதல் நன்று. ஏனெனில், கண்ணுக்குப் புலப்படாத வெறும்புள்ளியும் கணக்கில் நேரத்தைக் கவரும். 256 படிநிலை கொண்ட நிறங்களைக் கணக்கிட 32 பிட் நுட்பம் வேண்டுவதில்லை. பெரும்பாலும் 16 பிட் போதும். படலம் முழுவதற்கும் மாறாத அளவுகளைப் புள்ளிதோறும் கணக்கிடாமல், முன்பே ஒருமுறை கணக்கிட்டு வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கு முன்னும் பின்னும் நேரத்தை அளந்து பார்த்தல் இன்றியமையாதது. ஊகம் அளவீட்டுக்கு ஈடாகாது.

நினைவகத்துக்கும் செயலிக்கும் இடையே செய்திகள் அலையும்போது மின்கலத்தின் ஆற்றல் செலவாகிறது, கருவி சூடேறுகிறது. சூடு மிகுந்தால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது, படமும் தடுமாறுகிறது. விலையுயர்ந்த கருவி இதனை ஓரளவு தாங்கும். வீட்டில் உள்ள அனைவருக்கும் பொதுவான எளிய கைப்பேசியோ தாங்காது. மாலையில் அதில் விளையாடித் தீர்த்த மின்னாற்றல், இரவில் ஓர் அவசர அழைப்புக்கு இல்லாமற் போகலாம். ஆகவே, அழகிய காட்சியைக் குறைந்த செலவில் படைக்கும் நிரலாளர், திரையை மட்டுமன்றி அதனைக் கையில் ஏந்தியிருப்பவரையும் கருத்திற் கொண்டவராவார்.