மார்பு எக்ஸ்-ரேயில் தெரியும் வெண்மை

வைரஸ் காய்ச்சலுடன் மூச்சுத்திணறலும் சேர்ந்து வருவோருக்கு மருத்துவர் எழுதித் தரும் முதற் பரிசோதனைகளுள் ஒன்று மார்பு எக்ஸ்-ரே. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் உறவினர்கள், ‘நுரையீரலில் வெள்ளை படர்ந்திருக்கிறதே’ என்று கலங்குவதுண்டு. அந்த வெண்மை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை அறிந்துகொண்டால் வீண் அச்சமும் அலட்சியமும் தவிர்க்கப்படும்.

நுரையீரலில் காற்று நிறைந்திருப்பதால் கதிர்கள் அதனை எளிதில் கடக்கின்றன. ஆகவே படத்தில் அது கருமையாகத் தெரிகிறது. கதிர்களைத் தடுக்கும் எலும்பும் இதயமும் வெண்மையாகத் தெரிகின்றன. தொற்றினால் நுண்ணிய காற்றறைகளில் அழற்சி ஏற்பட்டு நீர் கோத்துக்கொண்டால் அவ்விடமும் வெளுத்துத் தெரியும். கொரோனா நோயில் இவ்வெண்மை பெரும்பாலும் இரு நுரையீரல்களின் ஓரங்களிலும் கீழ்ப்பகுதிகளிலும் காணப்பட்டது.

இதனை அளவிட மதிப்பெண் முறைகள் உள்ளன. 2020-இல் இத்தாலியின் பிரேஷா நகர மருத்துவர்கள் வகுத்த ‘பிரிக்ஸியா’ முறை அவற்றுள் ஒன்று. ஒவ்வொரு நுரையீரலையும் மேல், நடு, கீழ் என மூன்றாகப் பிரித்து, ஆறு பகுதிகளுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் இடுவர். உச்ச அளவு 18. அடுத்தடுத்து எடுத்த படங்களை ஒப்பிட்டு, நோய் ஏறுகிறதா இறங்குகிறதா என அறிய இம்முறை உதவுகிறது.

ஆயினும் இந்த எண்ணை மட்டும் கொண்டு நோயின் கடுமையை எவரும் முடிவு செய்வதில்லை. தொற்றின் முதல் சில நாள்களில் படம் தெளிவாகவே இருக்கக்கூடும். படுத்த நிலையில் எடுத்தாலும், மூச்சை நன்கு உள்ளிழுக்காவிட்டாலும், பாதிப்பு மிகையாகத் தோன்றலாம். இதயச் செயலிழப்பினால் நீர் கோத்தாலும் வெண்மை தெரியும். எந்த வைரஸ் என்பதையும் படம் சொல்லாது. அதற்குச் சளிப் பரிசோதனை வேண்டும்.

எனவேதான் 2021-இல் இந்திய அரசு வெளியிட்ட கொரோனா சிகிச்சை வழிகாட்டுதல், நோயின் கடுமையை மூச்சைக் கொண்டே வகுத்தது. ஆக்சிஜன் அளவு 90 முதல் 93 விழுக்காடு வரை இருந்தாலோ, நிமிடத்திற்கு 24 முறையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினாலோ நடுத்தர பாதிப்பு. ஆக்சிஜன் 90-க்குக் கீழ் இறங்கினாலோ, மூச்சு 30 முறைக்கு மேல் போனாலோ கடும் பாதிப்பு. நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு இயல்பான ஆக்சிஜன் அளவே வேறுபடலாம்; அதனை மருத்துவரிடம் முன்னரே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தாம்பரம் பகுதியினர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். 1928-இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக இங்கு நிறுவிய சானடோரியமே இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. ரயில் நிலையத்தின் பெயரிலும் அது நிலைத்துவிட்டது. முன்பு காசநோய்க்குச் சிகிச்சை பெற்றுக் குணமானவர்கள் நம் குடும்பங்களிலும் இருக்கலாம். அவர்களின் நுரையீரலில் எஞ்சிய பழைய தழும்பும் படத்தில் வெண்மையாகவே தெரியும். பழைய படம் கையில் இல்லாவிட்டால், எது தழும்பு, எது புதிய தொற்று எனப் பிரித்தறிவது கடினம். ஆகவே குரோம்பேட்டையிலோ சேலையூரிலோ என்றோ எடுத்த படமானாலும், அறிக்கையுடன் பத்திரப்படுத்தி, மருத்துவரிடம் வரும்போது தவறாமல் கொண்டு வாருங்கள்.

எக்ஸ்-ரேயின் கதிர்வீச்சு மிகக் குறைவு, சி.டி. ஸ்கேனில் அது பல மடங்கு அதிகம். எனவே மருத்துவர் சொல்லாமல் தாமாகவே ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டாம். கருவுற்றிருப்பவர்கள் படம் எடுக்கும் முன் அதனைத் தெரிவிக்க வேண்டும்.

காய்ச்சல் தணிந்து, மூச்சு சீரான பின்னரும் படத்தில் வெண்மை சில வாரங்கள் நீடிக்கலாம். அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. மருத்துவர் குறித்த நாளில் மறுபடம் எடுத்தால் போதும். ஆனால் பேசும்போதே மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, நினைவு தடுமாறினாலோ படத்திற்காகக் காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.