தேன் பீர் ஏன் இனிப்பதில்லை?

ஒபாமா அதிபராக இருந்தபோது வெள்ளை மாளிகைச் சமையலறையிலேயே பீர் காய்ச்சினார்கள். சேர்த்தது அந்த வளாகத்துத் தேன்கூட்டில் எடுத்த தேன். 2012இல் செய்முறையையும் வெளியிட்டார்கள்: ஏறத்தாழ 19 லிட்டருக்கு ஒரு பவுண்டு, அதாவது 450 கிராம் தேன். ஆனால், தேன் பீர் தித்திக்கும் என்று நினைத்துக் குடிப்பவர் ஏமாந்துதான் போவார்.

தேனில் முக்கால் பங்குக்கு மேல் சர்க்கரை. பெரும்பாலும் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும். ஈஸ்ட்டுக்கு இவை உடைக்க வேண்டிய சிரமமே இல்லாத தீனி. மிச்சம் வைக்காமல் தின்று, ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றிவிடும். ஆனால், முளைகட்டிய பார்லியில் வரும் டெக்ஸ்ட்ரின் என்னும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளை வழக்கமான பீர் ஈஸ்ட்டால் தின்ன முடியாது. பீர் நாக்கில் கனமாக நிற்பதற்கு அவையும் ஒரு காரணம். பார்லியைக் குறைத்துத் தேனைக் கூட்டினால் பீர் நீர்த்தாற்போல் ஆகும்.

சரி, தேன் ஜாடியிலேயே ஏன் நொதிப்பதில்லை? அதில் தண்ணீர் சுமார் 18 சதவீதம்தான். அந்த அடர்த்தி ஈஸ்ட் செல்லிலிருந்தே நீரை இழுத்துவிடும்.

இனிப்பு போனால் மிஞ்சுவது மணம். அதுவும் கொதித்தால் ஆவியோடு போய்விடும். அதனால்தான் வெள்ளை மாளிகைச் செய்முறையில், 45 நிமிடக் கொதிப்புக்குப் பின்பே தேன் சேர்க்கிறார்கள்; அப்புறம் ஐந்தே நிமிடம் கொதி. என்னைக் கேட்டால் அந்த ஐந்து நிமிடமும் அதிகம்.

இந்தச் செய்முறையை வீட்டில் செய்து பார்க்கலாமா? அமெரிக்காவில் வீட்டு பீருக்கு மத்திய அரசு 1978இல் சட்டப்படி வழிவிட்டது. தமிழ்நாட்டில் அனுமதியின்றிக் காய்ச்சினால் குற்றம்.