வழி மறையும், ஆள் மறையமாட்டார்
டார் பிரவுசரை நிறுவிவிட்டால் இனி யார் கண்ணிலும் படமாட்டோம் என்று நம்புகிறவர்கள் 2013 டிசம்பரில் ஹார்வர்டில் நடந்ததைக் கவனிக்க வேண்டும். தேர்வைத் தள்ளிப்போட நினைத்த மாணவர் ஒருவர், டார் வழியாகத் தற்காலிக மின்னஞ்சலில் வெடிகுண்டு மிரட்டல் அனுப்பினார். டாரை யாரும் உடைக்கவில்லை. அவர் பயன்படுத்தியது பல்கலைக்கழக வைஃபை. மிரட்டலுக்குச் சற்று முன் அதில் டாரைத் தொட்டவர்கள் யார் என்று பதிவுகளைப் பார்த்தார்கள், ஆள் சிக்கினார். டார் நம் தகவலை மூன்று கணினிகள் வழியே சுற்றிவிடுகிறது. நாம் எங்கிருந்து வருகிறோம் என்பது தளத்துக்குத் தெரியாது. டாரில் இருக்கிறோம் என்பது மட்டும் இணைப்பு தருபவருக்குத் தெரியும். அதே ஆண்டு பிடிபட்ட, டாரில் இயங்கிய சில்க் ரோடு கள்ளச்சந்தையை நடத்திய ராஸ் உல்ப்ரிக்டையும் காட்டிக்கொடுத்த தடயங்களில் ஒன்று, ஆரம்ப நாட்களில் பொதுவெளியில் அவரே விட்டுவைத்த, சொந்தப் பெயர் தாங்கிய மின்னஞ்சல்தான்.

அப்படியானால் டாரில் ஓட்டையே இல்லையா? உண்டு. 2013 ஆகஸ்டில், டார் பிரவுசருக்கு அடித்தளமான பயர்பாக்ஸின் ஓட்டை ஒன்றின் வழியே, ஜாவாஸ்கிரிப்டைக் கொண்டு, டார் பயனர்களின் உண்மையான ஐபி முகவரிகள் கறக்கப்பட்டன. வேடிக்கை என்னவென்றால், அந்த ஓட்டை ஜூனிலேயே அடைக்கப்பட்டிருந்தது. அப்டேட் செய்யாதவர்களே மாட்டினார்கள். குற்றவாளிகளுக்குத்தானே இந்தக் கவலை என்பார்கள். ஆனால் தணிக்கை உள்ள நாடுகளின் வாசகர்களுக்காக பிபிசியே 2019-ல் டாரில் தளம் திறந்தது. அங்கே செய்தி படிப்பவரும் பிரவுசரைப் புதுப்பித்து, பாதுகாப்பு அளவை உச்சத்தில் வைத்து, சொந்தப் பெயர், வழக்கமான மின்னஞ்சல், பழைய கடவுச்சொல் எதையும் உள்ளே கொண்டுபோகாமல் இருக்க வேண்டும். இறக்கிய கோப்பை இணைப்பைத் துண்டித்த பிறகே திறக்கலாம். இல்லையென்றால் அந்தக் கோப்பு டாரைத் தாண்டி நேரடியாக இணையத்தைத் தொட்டுவிடக்கூடும்.