செப்புப் பங்கசுநாசினியும் அரச அங்கீகாரமும்
(தம்பிலுவில் மணல்நிலச் செய்கையை முன்வைத்து ஒரு நோக்கு)

கல்முனையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் கரையோரப் பெருந்தெரு காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களைக் கடந்து தம்பிலுவிலை அடைகின்றது. மேற்கே நெல்வயல்களும் கிழக்கே கடலுமாக, இடைப்பட்ட மணற்றரையில் குடியிருப்புகளும் மரக்கறித் தோட்டங்களும் அமைந்துள்ளன. கத்தரி, மிளகாய், தக்காளி, பயற்றை, வெண்டி முதலியன இத்தகைய தோட்டங்களின் பயிர்கள். நிலத்தடி நீர் ஆழத்தில் இல்லாமையால் துரவுகளும் கிணறுகளுமே இவற்றுக்கு நீர் தருவன. வடகீழ்ப் பருவமழை தொடங்கி இலைகள் நாள் முழுவதும் ஈரமாய் இருக்கும் காலத்தில் தக்காளி இலையிலே கபிலப் புள்ளிகள் தோன்றுகின்றன. அவை வளையம் வளையமாய் விரிந்து, இலை கருகி உதிர்கின்றது. கமக்காரர் கடைக்குச் சென்று கருகலுக்கு மருந்து கேட்கின்றார். நீலமோ பச்சையோ கலந்த செப்புத் தூள் அவருக்குக் கிடைக்கும் மருந்துகளுள் ஒன்று. அதனால் தீங்கு நேராதோ என்று அவர் வினவின், அரசாங்கம் அங்கீகரித்த மருந்து என்பதே அவர் பெறக்கூடிய விடையாகும்.

இவ்விடை பொய்யன்று, ஆயினும் முழுமையானதுமன்று. அரச அங்கீகாரம் எதற்கு வழங்கப்படுகின்றது, எதனைக் கணக்கிலே கொள்ளாது விடுகின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயும் மருந்தும்

கருகல் எனப் பொதுவாக வழங்கப்படும் நோய் உண்மையில் ஒன்றன்று. மேலே கூறிய வளையப் புள்ளிகளைத் தோற்றுவிப்பது அல்தனேரியா என்னும் பங்கசு. இதனை முன்கருகல் என்பர். பின்கருகலை உண்டாக்குவது பைற்றோப்தோரா இன்பெசுதன்சு என்னும் உயிரி. குளிரும் ஈரமும் சேர்ந்த நுவரெலியா, வெலிமடை போன்ற மலைப்பகுதிகளின் உருளைக்கிழங்குச் செய்கைக்கு இதுவே பெரும் பகை. 1845ஆம் ஆண்டு தொடக்கம் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்துக்கு வழிவகுத்ததும் இதுவே. வெப்பமான கிழக்குக் கரையிலே முன்கருகலே பெரிதும் எதிர்பார்க்கத்தக்கது. பற்றீரியாக்களால் வரும் இலைப்புள்ளியும் வாடலும் இவற்றின் வேறானவை. எனவே நோயை இனங்காணாது மருந்தைத் தெரிதல் பொருந்தாது.

செப்பின் செயற்பாடு எளிமையானது. நீரிற் கரையாத நுண்துகள்களாக அது இலையின்மேற் படிகின்றது. இலையிலே ஈரம் படரும்போது அத்துகள்களிலிருந்து செப்பு அயன்கள் சிறிது சிறிதாக வெளிப்படுகின்றன. முளைக்கவிருக்கும் வித்தி அவற்றை உறிஞ்ச, அதன் நொதியங்கள் செயலிழக்கின்றன. இதிலிருந்து இரு முடிபுகள் பெறப்படும். ஒன்று, செப்பு நோயைத் தடுப்பதேயன்றித் தீர்ப்பதன்று. பங்கசு இலையினுள்ளே புகுந்தபின் தெளிப்பது வீண். மற்றையது, செப்பு ஒரே வேளையில் பல நொதியங்களைத் தாக்குவதால் பங்கசு அதற்கு எதிர்ப்புப் பெறுதல் அரிது. 1980ஆம் ஆண்டளவில் ஐரோப்பாவிற் பின்கருகல் உயிரி மெற்றலாட்சில் என்னும் புதிய மருந்துக்கு எதிர்ப்புப் பெற்றுவிட்டது. நூற்றாண்டு கடந்த செப்போ இன்றும் பயன் தருகின்றது.

செப்பின் வரலாறு நமது நாட்டோடும் தொடர்புடையது. 1869இல் இலங்கையிலே காணப்பட்ட கோப்பித் துரு நோயை ஆராய மார்சல் உவோட் என்னும் தாவரவியலாளர் 1880 முதல் 1882 வரை இங்கே பணியாற்றினார். நோயின் காரணம் பங்கசு என்பதை அவர் தெளிவாக்கியபோதும் கோப்பிச் செய்கையைக் காப்பாற்ற முடியவில்லை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவையின் ஆற்றலைப் பிரான்சின் போடோ நகரிலிருந்து மில்லாடே என்பார் வெளியிட்டது 1885இலேயே. 1946இல் தேயிலையிற் கொப்புள நோய் தோன்றியபோது செப்பு மருந்துகள் கைக்கெட்டும் நிலையில் இருந்தன, தேயிலை நிலைத்தது. செப்பின் பயனை மறுப்பதற்கில்லை என்பதற்கு இது போதிய சான்றாகும்.

அங்கீகாரம் என்பதன் பொருள்

இலங்கையிற் பீடைகொல்லிகளை ஒழுங்குபடுத்துவது 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டமாகும். பேராதனையில் விவசாயத் திணைக்களத்தின் கீழ் இயங்கும் பீடைகொல்லிகள் பதிவாளர் இதனை நிறைவேற்றுகின்றார். பதிவு பெறாத மருந்தை இறக்குமதி செய்யவோ விற்கவோ சட்டம் இடந்தராது. பதிவும் நிரந்தரமானதன்று, குறித்த காலத்தின் பின் புதுப்பிக்கப்பட வேண்டும். இவ்வதிகாரம் வெற்றுச் சம்பிரதாயம் என எண்ணுதல் தவறு. 1995இல் மொனோகுரொட்டோபொசு, மெதமிடோபொசு ஆகியனவும் 1998இல் எண்டோசல்பானும் தடைசெய்யப்பட்டபின் நாட்டிலே தற்கொலை இறப்புகள் பெரிதும் குறைந்தமையை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். ஒரு பதிவேட்டின் வரி மனித உயிர்களைக் காக்கவல்லது என்பது இதனாற் புலனாகும்.

ஆயினும் அங்கீகாரம் என்பது ஒரு மருந்து தீங்கற்றது என்னும் சான்றிதழன்று. இன்ன பயிருக்கு, இன்ன நோய்க்கு, இன்ன அளவில், அறுவடைக்கு இத்தனை நாள் முன்பு வரை பயன்படுத்தலாம் என்னும் நிபந்தனையுள்ள அனுமதியே அது. இந்தியாவிலும் 1968ஆம் ஆண்டின் பூச்சிகொல்லிச் சட்டத்தின் கீழ் செப்பு ஒட்சிக்குளோரைட்டு உருளைக்கிழங்கின் முன்கருகல், பின்கருகல் எனப் பயிரும் நோயும் பெயர்சுட்டியே அனுமதிக்கப்பட்டுள்ளது. நிபந்தனைகள் யாவும் அடங்கிய இடம் கொள்கலனின் சுட்டுத்துண்டு. அதனைப் படியாதவருக்கு அங்கீகாரம் இருந்தும் இல்லாததே.

பதிவேடு காணாத கணக்கு

இங்கேதான் செப்புக்கே உரிய சிக்கல் எழுகின்றது. ஏனைய பெரும்பாலான பங்கசுநாசினிகள் சேதனச் சேர்வைகள். வெயிலிலும் மண்ணிலும் காலப்போக்கிற் சிதைவடைவன. செப்போ ஒரு மூலகம். அது சிதைவதில்லை. இவ்வாண்டு இலையிற் பட்டது மழையோடு மண்ணைச் சேர்கின்றது. அடுத்த ஆண்டு தெளித்தது அதன்மேற் சேர்கின்றது. பயிர் எடுத்துச் செல்லும் செப்பு மிகச் சொற்பம். ஆகவே ஒவ்வொரு தெளிப்பும் விதிக்கு அமைந்ததாகவே இருந்தும், அவற்றின் கூட்டுத்தொகை நிலத்தைக் கெடுக்கக்கூடும். அனுமதி தெளிப்பை எண்ணுகின்றது. மண்ணோ மொத்தத்தை எண்ணுகின்றது.

மணல்நிலத்தில் இது மேலும் கவனத்துக்குரியது. செப்பைப் பற்றி வைத்திருப்பன களியும் மக்கிய சேதனப் பொருளுமே. மணலில் இவ்விரண்டும் குறைவு. எனவே அங்கே செப்பின் பெரும்பங்கு வேரையும் மண்ணுயிர்களையும் தாக்கும் நிலையில் இருக்கும். கீழ்நோக்கிக் கசியவும் இடமுண்டு. இது வெறும் ஊகமன்று. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து அமில மணல்நிலங்களில் ஆண்டுக்கணக்காகச் செப்புத் தெளிக்கப்பட்ட தோடைத் தோட்டங்களில், சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் மரங்களின் வேர் குன்றி, இரும்பை உறிஞ்ச இயலாது இலைகள் மஞ்சளித்தன. சுண்ணாம்பிட்டு அமிலத்தைக் குறைத்த பின்னரே நிலைமை சீர்பட்டது. மணலடி நீர் எவ்வளவு விரைவிற் கெடும் என்பதை நமது கரையோர மக்கள் 2004 டிசம்பர் 26இன் கடற்கோளின் பின் உவர்த்துப்போன கிணறுகளிற் கண்டவர்கள். செப்பு நீர்வாழ் உயிர்களுக்குக் கடும் நஞ்சு என்பதால் களப்புகளில் மீன்பிடிப்போரும் இவ்விடயத்திற் பங்காளரே.

ஐரோப்பிய ஒன்றியம் இச்சிக்கலை வேறு விதமாக அணுகியுள்ளது. 2018ஆம் ஆண்டின் 1981ஆம் இலக்க ஒழுங்குவிதி செப்புச் சேர்வைகளை 2019 முதல் மீண்டும் அனுமதித்தபோது, ஒரு ஹெக்டேயர் நிலத்துக்கு ஏழாண்டுகளில் 28 கிலோகிராம் செப்பு என எல்லை வகுத்தது. அதாவது சராசரியாக ஆண்டுக்கு 4 கிலோகிராம். இங்கே அனுமதி தெளிப்பை மட்டுமன்றி நிலத்தையும் எண்ணுகின்றது. ஓர் எளிய கணக்கினால் இதனை விளக்கலாம். பாதி செப்பாலான ஒரு தூளை ஹெக்டேயருக்கு 2 கிலோகிராம் வீதம் ஒருமுறை தெளித்தால் நிலம் பெறுவது 1 கிலோகிராம் செப்பு. மழைக்காலத்தில் எட்டுமுறை தெளிப்பின் ஒரே போகத்தில் அவ்வாண்டுச் சராசரியின் இருமடங்கு சேர்ந்துவிடும்.

இயற்கை வேளாண்மை என்னும் பெயராலும் இவ்வுண்மையை மறைத்தலாகாது. சேதன வேளாண்மைக்கான சர்வதேச வழிகாட்டிகளிற் செப்பு அனுமதிக்கப்பட்டுள்ளது. தொன்மையானது, கனியத்திலிருந்து பெறப்படுவது என்பதால் ஒரு பொருள் மண்ணுக்கு உகந்ததாகிவிடாது. மறுபுறம், 2021 மே மாதம் விவசாய இரசாயனங்களின் இறக்குமதியை ஒரே அறிவித்தலால் நிறுத்தி, அதே ஆண்டு நவம்பரில் அதனைக் கைவிட நேர்ந்த அனுபவம், ஆயத்தமற்ற தடையும் தீர்வாகாது என்பதை உணர்த்தியது.

யார் பொறுப்பு?

நிலம் யாருடையது என்பதும் இங்கு நோக்கற்பாலது. ஒரு போகத்துக்குக் குத்தகைக்கு எடுத்தவர் அப்போகத்தின் விளைவைக் கொண்டே கடனை அடைக்க வேண்டியவர். இருபது ஆண்டுகளின் பின் அம்மண்ணிற் சேரும் செப்பைப் பற்றிக் கவலைப்படுக என அவரிடம் கூறுவது நீதியன்று. தெளிகருவியைத் தோளிற் சுமக்கும் கூலியாள் கொள்கலனையே காணாதவராகவும் இருக்கலாம். ஆகவே கமக்காரரின் அறியாமை என்று கூறி இதனை முடித்துவிட இயலாது. கணக்கை வைத்திருக்கும் பொறுப்பு பொது நிறுவனங்களுக்கே உரியது.

செய்யக்கூடியவை அரியன அல்ல. அனுமதியில் ஒரு தெளிப்பின் அளவோடு ஆண்டின் மொத்தச் செப்பின் எல்லையும், மணல்நிலத்துக்கு அதனினும் குறைந்த எல்லையும் சேர்க்கப்படலாம். கமநல சேவை நிலையத்தினூடாக நிலவாரியாகத் தெளிப்புக் குறிப்பேடு பேணலாம். நீண்டகாலம் மரக்கறி செய்த தோட்டங்களின் மண்ணிலும் கிணற்று நீரிலும் செப்பின் அளவை ஆராய்வது நமது பல்கலைக்கழகங்களுக்கு எட்டாத பணியன்று. மருந்தின் தேவையைக் குறைக்கும் வழிகளும் உள: பயிர்மாற்றம், நாற்றிடையே போதிய இடைவெளி, இலை நனையாது வேரடியில் நீரிடல், நோயுற்ற இலைகளை அகற்றல், எருவிட்டு மணலின் சேதனப் பொருளைப் பெருக்கல். இறுதியானது செப்பைப் பிடித்துவைக்கும் ஆற்றலையும் மண்ணுக்கு அளிக்கும்.

தம்பிலுவில் போன்ற ஊர்களில் விளைவதை அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் வாங்கி உண்பவர் தமிழரும் முசுலிம்களும் ஆவர். விளைவிப்பவருக்கும் விற்பவருக்கும் உண்பவருக்கும் பொதுவானது அந்த மெல்லிய மணற்றரையும் அதனடி நீரும். அரசாங்கம் அங்கீகரித்தது என்னும் சொல் மண்ணின் கணக்கையும் உள்ளடக்கும்போதே, கடையிலே வினவும் கமக்காரருக்கு அது முழுமையான விடையாகும்.