மொட்டைமாடியில் நீச்சல் குளம்... யாருக்கு?

ஸ்விம்மிங் பூல், ஜிம், கிளப் ஹவுஸ்... அபார்ட்மென்ட் விளம்பரம் என்றாலே இந்த மூன்றும் கட்டாயம் இருக்கும். வீட்டின் விலை ஏற ஏற, குளமும் தரையிலிருந்து மொட்டைமாடிக்கு ஏறிவிடும். அப்படி உச்சிக்குப் போன குளங்களின் கதை இது. ஒன்று லண்டனில், மற்றவை வியன்னாவில்.

அந்தரத்தில் ஒரு குளம்!

லண்டனின் நைன் எல்ம்ஸ் பகுதியில், அமெரிக்கத் தூதரகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது 'எம்பஸி கார்டன்ஸ்' குடியிருப்பு. அங்கே இரண்டு 10 மாடிக் கட்டடங்களின் உச்சியைப் பாலம்போல இணைக்கிறது 'ஸ்கை பூல்'. 2021-ல் திறக்கப்பட்ட இதன் நீளம் 25 மீட்டர். தரையிலிருந்து உயரம் 35 மீட்டர். பக்கச் சுவர்களும் அடித்தளமும் கண்ணாடிபோலத் தெரியும் அக்ரிலிக். நீந்துகிறவருக்குக் கீழே தெரு தெரியும். தெருவில் போகிறவர் அண்ணாந்தால் நீந்துகிறவர் தெரிவார்.

ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை ஒரு டன். அதை அந்தரத்தில் தாங்க வைப்பது ஒரு சவால் என்றால், கட்டடங்களின் அசைவு இன்னொரு சவால். காற்றில் இரண்டு கட்டடங்களும் தனித்தனியே லேசாக அசையும். குளத்தை இரண்டோடும் இறுக்கிப் பிணைத்தால் விரிசல் விடும். அதனால், அசைவுக்கு இடம் கொடுக்கும் தாங்கிகளின் மேல் குளத்தை உட்காரவைத்தார்கள்.

பொறியியல் சவாலை ஜெயித்தாகிவிட்டது. ஆனால், திறந்த உடனேயே வேறொரு சர்ச்சை கிளம்பியது. வீட்டின் ஒரு பங்கை மட்டும் வாங்கி, மீதிக்கு வாடகை கட்டும் திட்டத்தில் அங்கே குடியேறியவர்களுக்குக் குளத்தில் அனுமதி இல்லை. பார்க்கலாம், இறங்க முடியாது! குளம், ஜிம் என்று சேர்த்தால் பராமரிப்புக் கட்டணம் எகிறிவிடும் என்பதுதான் இப்படிப்பட்ட பிரிவினைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம்.

பணக்கார வசதி... வாடகை வீட்டில்!

இந்தக் காரணத்துக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே பதில் சொல்லிவிட்டது வியன்னாவின் 'ஆல்ட் எர்லா'. 1973-ல் கட்டத் தொடங்கி 1980-களின் நடுவில் முடிந்த, சாதாரண வருமானக்காரர்களுக்கான வாடகைக் குடியிருப்பு இது. சுமார் 3,200 வீடுகள். மொட்டைமாடிகளில் ஏழு நீச்சல் குளங்கள்!

இதை வடிவமைத்த ஹாரி க்ளூக்கின் எண்ணம் எளிமையானது. வசதி படைத்தவர்கள் தங்கள் வீட்டுக்கு எதைத் தேடுகிறார்கள்? பக்கத்தில் பசுமையும் தண்ணீரும். அது மற்றவர்களுக்கும் ஏன் கிடைக்கக் கூடாது?

அதனால் கீழ் மாடிகளைப் படிக்கட்டுபோல உள்வாங்கிக் கட்டி, ஒவ்வொரு பால்கனியிலும் பெரிய செடித்தொட்டி வைத்தார். கார்களைத் தரைக்கு அடியில் நிறுத்தச் செய்து, மேலே பூங்கா அமைத்தார். செலவு 3,200 வீடுகளுக்குப் பிரிந்ததால், குளம் ஆடம்பரமாக இல்லாமல் அன்றாட வசதியாக ஆனது. இன்னொரு லாபமும் உண்டு: லிஃப்ட்டில் தலையசைத்துவிட்டுப் போகிறவர்கள், குளக்கரையில் உட்கார்ந்து பேசிப் பழகுகிறார்கள்.

வாங்கும் முன் கேளுங்கள்!

* குளத்தைப் பயன்படுத்தும் உரிமை விளம்பரத்தில் மட்டும் இருக்கிறதா, ஒப்பந்தத்திலும் இருக்கிறதா? வாடகைக்கு வருபவருக்கும் உண்டா?

* பராமரிப்புச் செலவை எத்தனை வீடுகள் பகிர்கின்றன? வீடுகள் குறைந்தால் சுமை கூடும்.

* நீர்க்கசிவையும் தண்ணீரின் சுத்தத்தையும் யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை சோதிக்கிறார்கள்?

* குழந்தைகள் தனியாக நுழைய முடியாதபடி வேலியும் கதவும் உள்ளனவா?

* நீந்தாத தாத்தா பாட்டிக்கு நிழலும் பெஞ்சும் உண்டா?

குளத்தின் நீளத்தை பில்டர் தானாகவே சொல்லிவிடுவார். இந்த ஐந்தையும் நாம்தான் கேட்க வேண்டும்.